வெள்ளிக்கிழமை ரோமர்கள்

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, லத்தீன் தெரியும். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நின்று முணுமுணுக்கிற பூசையில், எந்த இடத்தில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பூசை உதவிக்கு நிற்கும் நான் திக்கினால் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் முந்திக்கொண்டு வரும். பூசை முடிந்தால்தான் வெற்றிலை போடலாம் என்கிற அவசரமும் அந்தக் குரலில் கொஞ்சம் கலந்திருக்கும். அந்த லத்தீனைக் கேட்டால் சிசரோ என்ன நினைத்திருப்பாரோ, மாதாவுக்கு அது நன்றாகவே புரிகிறது என்பதில் அப்பாயிக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. நான் பிறந்தது 1953இல், கல்லக்குடிப் போராட்டம் நடந்த வருஷம். அப்போது எல்லாமே திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம் என்றார்கள், அரியலூர் மாவட்டம் என்றார்கள், இரண்டையும் சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஆற்றோரம் நெல்லும் கரும்பும். வடக்கே போகப் போக வானம் பார்த்த பூமி, வரகு, கம்பு, கடலை. அதற்கும் அப்பால் சுண்ணாம்புக்கல்.

ஏலாக்குறிச்சி என்றால் அடைக்கல மாதா. அடைக்கல மாதா என்றால் வீரமாமுனிவர். அவர் திருக்காவலூர் என்று பாடியது இந்த ஊரைத்தான். 1680இல் இத்தாலியில், மந்துவாவுக்குப் பக்கத்துக் காஸ்டிலியோனே என்ற ஊரில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் வந்து இறங்கியவர். மந்துவா, ரோமானியப் பெருங்கவி வெர்ஜில் பிறந்த சீமை. அந்தக் காலத்துச் சேசு சபைப் பள்ளிக்கூடத்தில் வெர்ஜிலையும் சிசரோவையும் கரைத்துக் குடிக்காமல் ஒருவர் வெளியே வர முடியாது. அப்படி வந்தவர் இங்கே ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து, தேம்பாவணியை 3615 பாட்டாகப் பாடினார். அது எங்கள் பக்கத்து மண்ணில்தான் பாடப்பட்டது என்பதில் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் யாரும் வாதம் பண்ண முடியாது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனுக்குக் கொண்டுபோனார். காமத்துப்பாலைத் தொடவில்லை. சாமியார் அல்லவா.

ஆகவே எங்கள் பக்கத்துக்கு லத்தீன் புதிதல்ல. ஆனால் அது யாருடைய பாஷை என்று யாரும் யோசித்ததில்லை. அப்பாயி அதைச் 'சேசுநாதர் பாஷை' என்றே சொல்வாள். ஒருநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது உபதேசியார் திருத்தினார். "இல்ல ஆத்தா, சேசுநாதர் பேசினது அரமேயம். லத்தீன் ரோமாபுரிக்காரன் பாஷை. பிலாத்து பாஷை. அவரச் சிலுவையில அடிச்சானுங்களே, அவனுங்க பாஷை."

அப்பாயி அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். "அடிச்சவன் பாஷையிலயா பூசை வப்பாங்க? போய்யா."

உபதேசியாருக்குப் பதில் வரவில்லை. எனக்கு எட்டு வயசு இருக்கும். அப்பாயியின் கேள்வியை விடப் பிலாத்துதான் எனக்கு முக்கியமாகப் பட்டார். ஏனென்றால் எனக்குப் பிலாத்தைத் தெரியும். மூன்று தெரு தள்ளி இருந்தார்.

தபசுகாலம் தொடங்கியதும் எங்கள் ஊரில் பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பித்துவிடும். பெரிய வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கி விடியக்கருக்கல் வரை ஆட்டம். சேசுநாதராக நிற்பவர் நாற்பது நாளும் கவுச்சி தொட மாட்டார், பாயில்லாமல் தரையில் படுப்பார், ஊரில் யாரோடும் சச்சரவுக்குப் போக மாட்டார். மற்ற வேஷங்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. பிலாத்து வேஷம் ஊரின் பெரிய வீட்டுக்குச் சொந்தம். நிலம் கைமாறுகிற மாதிரி அப்பனுக்குப் பின் மகன் என்று வந்த வேஷம். வருஷக்கணக்கில் ஆடியதால், எனக்குப் பெரியப்பா முறையான அவருடைய ஞானஸ்நானப் பெயரை ஊர் மறந்துவிட்டது. நேரில் 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'பிலாத்து'. அவர் சம்சாரம் தண்ணீர்த் துறைக்கு வந்தால் 'பிலாத்தம்மா வருது' என்று பெண்கள் குடத்தை நகர்த்துவார்கள்.

உடுப்பு கும்பகோணத்திலிருந்து வாடகைக்கு வரும். பெரிய தகரப் பெட்டி, உள்ளே பாச்சை உருண்டை வாசனை. அதே பெட்டி போன வாரம் வேறு ஊரில் பவளக்கொடிக்கோ, வள்ளி திருமணத்துக்கோ போயிருக்கும். ஆகவே எங்கள் ரோமாபுரி அதிகாரி ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் தைத்த ராஜபார்ட் உடுப்பில், தோள்பட்டையில் இறகோடு வந்து நிற்பார். ஏரோதுக்குக் கள்ளபார்ட். ரோமர் படைக்கு அட்டைக் கவசம், வெள்ளிக் காகிதம் ஒட்டிய தொப்பி, காலில் போலீஸ்காரர் யாரிடமாவது கேட்டு வாங்கிய பூட்ஸ். 1959இல் கட்டபொம்மன் படம் வந்த பிறகு நூற்றுவர் தலைவனுக்கு முறுக்கு மீசையும் முளைத்துவிட்டது. ரோமர்கள் முகத்தை மழித்துக்கொண்டு திரிந்தவர்கள் என்று அப்போது சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்; மீசையில்லாதவன் எப்படி உலகத்தை ஆண்டிருக்க முடியும்?

இந்த ரோமுக்குள் ஒரு புதுச் சாமியார் வந்தார். வயசு குறைவு, காலில் கிளிப் மாட்டிக்கொண்டு அங்கியைத் தூக்கிச் செருகியபடி சைக்கிளில் போவார். குருமடத்தில் படித்த லத்தீன் புத்தகங்களை ஒரு மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அதில் படம் போட்ட ஒரு புத்தகம் எங்களுக்கு உயிர். தேர்ப் பந்தயம், குளியல் மண்டபம், மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதும் பையன்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று கட்டில்களைப் பானா வடிவில் போட்டு, இடது முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு வலது கையால் அள்ளிச் சாப்பிடுகிற பெரிய மனிதர்கள். "படுத்துக்கிட்டே தின்னா தொண்டையில சிக்காதா சாமி?" என்று கேட்டோம். அதைவிட எங்களைச் சிரிக்க வைத்த படம் பொதுக் கழிப்பறை. நீளக் கல்லில் வரிசையாகத் துளை, மறைப்புக் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொள்ளிடத்துக் கோரைப் புதரில் நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கல் மட்டும்தான் குறை.

அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாமியாருக்கு ஆசை வந்துவிட்டது. 1962 பாஸ்காவில் பிலாத்துக்கு ராஜபார்ட் வேண்டாம், உண்மையான ரோமானியன் கட்டிய டோகாவையே கட்டிவிடலாம் என்றார். டோகா என்பது தைக்காத ஒற்றைத் துணி. கம்பளித் துணி, அரைவட்டமாக வெட்டியது, ஐந்தாறு மீட்டர் நீளம். இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கைக்கு அடியில் கொண்டுவந்து மறுபடி இடது தோளில் ஏற்ற வேண்டும். ஊசி, பொத்தான், முடிச்சு எதுவும் கிடையாது. ஆள் வைத்துத்தான் கட்ட முடியும். குடிமகன் மட்டும்தான் அதைக் கட்டலாம். அடிமை கட்டக் கூடாது, அந்நியன் கட்டக் கூடாது. அதிகாரிகளுடையதில் ஓரத்தில் ஊதாக் கரை இருக்கும். தேர்தலில் நிற்கிறவன் டோகாவைச் சுண்ணாம்பு மண்ணால் தேய்த்துப் பளிச்சென்று வெளுப்பாக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்க வருவான் என்று சாமியார் சொன்னபோது கூட்டமே சிரித்தது. பிப்ரவரியில்தான் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகள் எங்கள் தெருவில் வந்து கும்பிட்டுவிட்டுப் போய்ச் சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சுண்ணாம்புக்கு எங்கள் சீமையில் பஞ்சமா என்ன.

இரண்டு எட்டு முழ வேட்டியை ஒட்டுப் போட்டு, கத்தரிப்பூ நிறச் சேலைக் கரையைக் கிழித்து ஓரத்தில் தைத்தார்கள். பெரியப்பா முதலில் மறுத்தார். சாமியார் சொல் என்பதால் ஒத்துக்கொண்டார். ராத்திரி பதினோரு மணிக்கு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஜிகினா இல்லாமல், இறகு இல்லாமல், வெள்ளை வேட்டி சுற்றிக்கொண்டு பிலாத்து மேடைக்கு வந்தார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாப்ள வந்துட்டாரு, நாயனத்த எங்கடா காணும்?"

அதைக்கூடச் சமாளித்துவிட்டார். கை கழுவும் இடத்தில்தான் வினை. டோகாவின் முழுப் பாரமும் இடது கையில் இருக்கிறது. அந்தக் கையை விட்டால் துணி சரியும். சொம்போடு ஆள் வந்து நிற்கிறான், தாம்பாளம் தயார், பெரியப்பா இடது கையை நீட்டப் பார்க்கிறார், தோளிலிருந்து வேட்டி வழுக்குகிறது, சட்டென்று பிடித்துக்கொள்கிறார். கடைசியில் வலது கையை மட்டும் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது: "ஒரு கையத்தான கழுவுனாரு? பாதிப் பழி அவரு தலையிலதான்." அடுத்த வருஷம் ராஜபார்ட் திரும்பி வந்தது. டோகாவை ரோமர்களே காலப்போக்கில் தொல்லை என்று கைவிட்டார்கள், விழாவுக்கும் வழக்குமன்றத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று பிறகு படித்தபோது பெரியப்பாவின் முகம்தான் கண்ணில் வந்தது.

உடுப்பு தோற்றாலும் சாமியாரின் கதைகள் தோற்கவில்லை. சாயங்காலம் திண்ணையில் பெரியவர்களும் வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஒருநாள் அவர் ரோமின் காலை நேரத்தைச் சொன்னார். பொழுது விடிவதற்கு முன்பே பெரிய மனிதன் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். அவனை அண்டிப் பிழைக்கிறவர்கள். கதவு திறந்ததும் தகுதிப்படி வரிசையில் போய்க் கும்பிட வேண்டும். அவன் பெயர் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் அன்றைக்குப் பெருமை. போகும்போது ஒரு கூடைச் சோறோ, கொஞ்சம் காசோ கிடைக்கும். பதிலுக்கு அவன் தெருவில் போனால் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், தேர்தலில் நின்றால் ஓட்டுப் போட வேண்டும்.

தாத்தா துண்டால் முதுகைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "இதுக்கு எதுக்கு சாமி ரோமாபுரி வரைக்கும் போவணும்?"

பெரிய வீட்டுத் திண்ணைக்கு முன்னால் விடியற்காலையில் நிற்பவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். துண்டு இடுப்புக்கு வந்திருக்கும். ஐயா பல் விளக்கி முடிக்கும் வரை யாரும் பேச மாட்டார்கள். அன்றைய வேலை, அளக்கப்போகும் நெல், கேட்டிருந்த கடன், எல்லாம் அவர் வாய்க்குள் இருந்தது. அந்த வாயிலிருந்துதான் வருஷத்துக்கு ஒருமுறை பிலாத்தின் வசனமும் வரும். ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம் பார்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு கள்வர்களும் அதே மாதிரி பொருத்தமாகத்தான் அமைந்திருந்தார்கள். சேசுநாதரின் சிலுவைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிலுவை. நல்ல கள்வனுக்கு ஒரு பாட்டு உண்டு என்பதால் பாடத் தெரிந்த ஒருவர் செய்வார். கெட்ட கள்வன் வேஷத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். அது பெரிய வீட்டுப் பண்ணையாள் ஒருவருக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தது. கோயிலிலும் அவர் தெருக்காரர்கள் உட்காரும் இடம் தனி. வேதம் ஒன்றுதான், பாய் வேறு. இதைப் பற்றி அப்போது யாரும் வெட்கப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவரும் திண்ணைக்குக் கீழே, படிக்கட்டு ஓரம் நின்று கதை கேட்பார். சிலுவை யாருக்கு என்று சாமியார் ஒருநாள் சொன்னார். ரோமானியக் குடிமகன் தப்புச் செய்தால் தலையை வெட்டுவார்கள். சின்னப்பருக்கு அதனால்தான் வாள். சிலுவை அடிமைக்கும் கலகக்காரனுக்கும் வைத்த தண்டனை. கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமை மற்ற அடிமைகளைச் சேர்த்துக்கொண்டு எழும்பினான். இரண்டு வருஷம் ரோமை ஆட்டி வைத்தார்கள். 71இல் தோற்றார்கள். உயிரோடு பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரத்தில் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். அது கிட்டத்தட்ட அரியலூரிலிருந்து மதுரை போகிற தூரம். "ரயில் ரோட்டோரம் தந்திக் கம்பம் நிக்குதில்ல, அந்த மாதிரி" என்றார் சாமியார்.

படியோரம் நின்றவர் கணக்குப் போடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நா ஏறுற சிலுவதான் மொதல்ல வந்தது. அவரு ஏறுனது பொறவு."

இதைவிடச் சரியான வாக்கியத்தை ரோமானிய வரலாற்றைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ரோம் சாலை போட்டது, சட்டம் எழுதியது, செனட்டில் பேசியது. திண்ணையில் நாங்கள் கேட்ட ரோமில் ஆணி அடித்தவனும் ஆணி வாங்கினவனும் இருந்தார்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறைப்படி விடுதலை பெற்ற ரோமானிய அடிமை குடிமகனாகலாம். அவன் பிள்ளைக்கு, எல்லாம் இல்லாவிட்டாலும், பல கதவுகள் திறந்தன. வெர்ஜிலின் நண்பரான ஹொராஸ் விடுதலை பெற்ற ஓர் அடிமையின் மகன். பேரரசர் அகுஸ்துஸே அவரைத் தம் செயலாளராக வரச்சொல்லிக் கேட்டார், ஹொராஸ் மறுத்தார். எங்கள் ஊரில் பண்ணையாளின் பிள்ளையும் பண்ணையாள்தான், கோயிலில் அவன் பாயும் அதே பாய்தான்.

சாமியார் சொன்ன வேறொரு விஷயத்தில் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோமில் பெண் பிள்ளைக்குத் தனியாகப் பெயர் யோசிக்க மாட்டார்கள். அப்பனுடைய குலப் பெயரையே பெண்பாலாக்கி வைத்துவிடுவார்கள். ஜூலியஸ் குலத்தில் பிறந்தால் ஜூலியா. சீசரின் அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா. குழப்பம் வந்தால் பெரியவள், சின்னவள், மூன்றாமவள். "நம்மூருல மட்டும் என்னவாம்?" என்றாள் அத்தை. எங்கள் தெருவில் அப்போது பெரிய மரி, சின்ன மரி, நெட்டை மரி, கெணத்தடி மரி என்று நான்கு மரியாள்கள் இருந்தார்கள். அந்தோணி என்பதும் ரோமானியக் குலப் பெயர்தான், மார்க் ஆன்டனி பிறந்த குலம். செசிலியும் அப்படித்தான் என்று அவர் சொன்னதும் அந்தோணிசாமிகள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் குலம் பெரிசு என்றால் எங்கள் ஆட்களுக்குப் போதும்.

இந்த அத்தையைக் கட்டிக்கொடுத்தது பெரம்பலூருக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டில். பாஸ்காவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவாள், வரும்போது ஒரு மூட்டை சின்ன வெங்காயம். அவள் வீடு பழைய முற்றம் வைத்த வீடு. நடுவில் கூரை கிடையாது, நான்கு பக்கத்துத் தாழ்வாரத்து மழையும் முற்றத்தில் விழும், தகரத்தை வளைத்துக் கட்டி அண்டாவில் பிடிப்பார்கள். சாமியாரின் புத்தகத்தில் ரோமானிய வீட்டைப் பார்த்தபோது நான் இதைத்தான் பார்த்தேன். நடுவில் திறந்த கூரை, கீழே மழை விழத் தொட்டி, சுற்றிலும் அறைகள், ஒரு மூலையில் வீட்டுச் சாமிக்கு மாடம். வசதியான குடும்பங்களில் செத்துப்போன முன்னோர் முகத்தை மெழுகில் வார்த்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள்; வீட்டில் சாவு விழுந்தால் அந்த முகங்களை ஆட்கள் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். பிப்ரவரியில் ஒன்பது நாள் செத்தவர்களுக்குக் கல்லறையில் படையல். மே மாதம் நடுராத்திரியில் வீட்டுத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, கறுப்பு மொச்சையை வாயில் போட்டுத் துப்பி, திரும்பிப் பார்க்காமல் நடந்து, பேய்களைப் போகச் சொல்லி ஒன்பது தரம் சொல்ல வேண்டும்.

அப்பாயிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "மொளவா, உப்பெல்லாம் போட மாட்டானா?" என்று கேட்டாள். சாமியார் இதெல்லாம் அஞ்ஞானம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தார். சொல்லும்போதே நவம்பர் இரண்டாம் தேதி கல்லறையில் நாங்கள் ஏற்றும் மெழுகுதிரியும், அப்பாயி யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு வரும் அதிரசமும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றிவிட்டார்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது எனக்கு வேறொரு ரோம் கிடைத்தது. எங்கள் தமிழய்யா கறுப்புக் கரை வேட்டிக்காரர், சாமி இல்லை என்பவர், பாஸ்காவுக்கு மட்டும் தவறாமல் வருவார். ரோமர் படையில் நான் ஈட்டியோடு நின்ற வருஷம் மறுநாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தினார். "நேத்து நீ போட்ட வேஷம் யாரு தெரியுமா? யவனன்டா. பாண்டியன் கோட்டை வாசல்ல வாள் எடுத்துக்கிட்டுக் காவல் நின்னவன்." சிலப்பதிகாரத்தில் மதுரை வாசலில் நிற்கிறான், முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான், புறநானூற்றில் அவன் கப்பலில் வந்த மதுவைப் பாண்டியன் குடிக்கிறான், நெடுநல்வாடையில் அவன் செய்த பாவை விளக்கு அரண்மனையில் எரிகிறது. பதிற்றுப்பத்தில் சேரன் யவனர்களைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றுகிறான். வகுப்பு கைதட்டியது. பிலாத்தின் படையை எங்கள் ஆள் ஒருவன் கட்டிப் போட்டிருக்கிறான் என்றால் சும்மாவா.

எதற்கு வந்தார்கள்? மிளகுக்கு, முத்துக்கு, மெல்லிய துணிக்கு. ரோமானியச் சமையல் நூல் என்று கிடைத்திருப்பதில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு இருக்கிறது. ரோம் நகரத்தின் நடுவிலேயே டொமிஷியன் மிளகுக் கிடங்கு கட்டினான். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி எழுதி வைத்துப் புலம்பியிருக்கிறார். அந்தக் காசு எங்கே போயிற்று என்பதற்குப் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு பானை சாட்சி சொன்னது. உள்ளே ஐந்நூறு ரோமானியப் பொற்காசு. அதில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. காசு மறுபடி புழங்கக் கூடாது, பொன்னாக மட்டும் இருக்கட்டும் என்று வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். தமிழய்யா வேறு காரணம் சொல்வார். "வேத்து ராஜா மூஞ்சிய நம்ம ஆளு மதிக்கல, அவ்வளவுதான்." வரலாற்றுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்குப் பிடித்திருந்தது.

அரிக்கமேட்டில் வீலர் தோண்டியது 1945இல். இத்தாலியில் அரெஸ்ஸோவில் சுட்ட சிவப்புத் தட்டின் ஓடுகளும் மது ஜாடிகளும் அங்கே கிடைத்தன. அரெஸ்ஸோவிலிருந்து பாண்டிச்சேரிக் கடற்கரைக்கு வந்த ஓடும், காஸ்டிலியோனேயிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு வந்த சாமியாரும் புறப்பட்டது ஒரே நாட்டிலிருந்துதான், நடுவில் ஆயிரத்தெழுநூறு வருஷம். இதைத் தமிழய்யாவிடம் சொன்னேன். ஓடு சரி, சாமியார் எதற்கு என்றார். ஆனாலும் வீரமாமுனிவரின் சதுரகராதி அவர் வீட்டு அலமாரியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாஸ்காவில் பெரியப்பா தண்டனை எழுதிக்கொண்டிருந்த அதே 1961இல், பாலஸ்தீனக் கடற்கரைச் செசரியாவில் இத்தாலிய அகழாய்வாளர்கள் ஒரு பழைய அரங்கத்தைத் தோண்டும்போது கல் ஒன்றைப் புரட்டினார்கள். பிலாத்தின் பெயரும் யூதேயாவின் ஆளுநர் என்ற பதவியும் லத்தீனில் வெட்டியிருந்தது. அதுவரை ஏடுகளில் மட்டுமே இருந்த ஆளுக்குக் கல்லில் சாட்சி. அந்தக் கல்லைப் பின்னால் வந்தவர்கள் அரங்கத்தின் படிக்கட்டுக்குப் போட்டிருந்தார்கள். வருஷம் பல கழித்து இதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவருக்கு நிலமும் குறைந்து குரலும் குறைந்திருந்தது. "படிக்கட்டுக்கா போட்டானுங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

லத்தீன் போன விதமும் சொல்ல வேண்டும். வத்திக்கான் சங்கம் முடிவெடுத்து, 1965 வாக்கில் பூசை தமிழுக்கு வந்தது. பீடம் திரும்பியது, சாமியார் எங்களைப் பார்த்து நின்றார். இளவட்டங்களுக்குச் சந்தோஷம். அப்பாயி மட்டும் தமிழ்ப் பூசையிலும் தன் லத்தீனைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், யாருக்கும் கேட்காத குரலில். "அடிச்சவன் பாஷைன்னு சொன்னாங்களே அப்பாயி?" என்று சீண்டினேன். "அடிச்சவனே முட்டி போட்டுட்டான்டா, அப்புறம் என்ன" என்றாள். உபதேசியார் அன்றைக்குத் தேடிய பதில் இதுதான் போலிருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பூசை உடுப்பில் ஒன்று குறைந்தது. சாமியார் இடது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், பட்டுத் துணிப் பட்டை ஒன்று தொங்கும். பூவேலை செய்தது, மேலுடுப்பின் நிறத்திலேயே இருக்கும். அந்த மேலுடுப்பே ரோமானியன் மழைக்கும் குளிருக்கும் போட்ட போர்வை. உள்ளே போடும் வெள்ளை அங்கி அவனுடைய சட்டை. கைப்பட்டையோ வெறும் கைக்குட்டை. ரோமில் தேர்ப் பந்தயம் தொடங்கும்போது தலைமை அதிகாரி கையிலிருந்து ஒரு துணியைக் கீழே போடுவான், அதுதான் கொடியசைப்பு. பென்ஹர் படத்தில் பிலாத்தே அதைச் செய்வதைப் பிற்பாடு திருச்சியில் பார்த்தேன். அந்த மாதிரிக் கைத்துணி பட்டாகி, வேலைப்பாடாகி, துடைப்பதை மறந்து பீடத்துக்கு வந்து சேர்ந்தது. 1967இல் இனி அது கட்டாயமில்லை என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தது.

அந்தப் பட்டைகளெல்லாம் சக்கிரீஸ்து அலமாரியில் மடித்துக் கிடந்தன. எனக்கு ஒரு யோசனை. பாஸ்காவில் பிலாத்து கை கழுவிவிட்டுத் துடைக்க இதில் ஒன்றைக் கொடுத்தால் என்ன? ரோமானியக் கைக்குட்டை, ரோமானியக் கை, ஈரமும் தயார். சாமியார் சொன்ன வரலாறு முழுவதையும் கோயில்பிள்ளையிடம் ஒப்பித்து, கேட்டேன்.

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "மந்திரிச்ச துணிடா அது. போயி உங்க பெரியப்பாவ வூட்லேந்து துண்டு எடுத்தாரச் சொல்லு."

ஈரோட்டுத் துண்டு. பச்சைக் கட்டம் போட்டது. அந்த வருஷமும் பிலாத்து அதில்தான் துடைத்தார், இரண்டு கையையும்.